ஆடி மாதமும் வீட்டுக் காப்புறுதியும்

எங்கள் வீட்டுக்கு நம்பர் பிளேட் இருக்கிறது என்று சொன்னால், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உண்மை அதுதான். தொழிற்சாலையில் செய்து, இரண்டு துண்டாக லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து, இப்படியான வீடுகளுக்கென்றே உள்ள ஒரு பார்க்கில் இறக்கிப் பூட்டிய வீடு அது. சமையலறை அலுமாரிக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு தகடு இருக்கிறது. எந்த ஆண்டில் செய்தது, அதன் இலக்கம் என்ன என்றெல்லாம் அதில் பொறித்திருக்கிறார்கள். மொபைல் ஹோம் என்று பெயர்தானே தவிர, இறக்கின நாளிலிருந்து அது ஓர் அடிகூட நகரவில்லை.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் நாங்கள் டொரொன்டோவில் டோர்செட் பார்க் என்ற பகுதியில், கென்னடி ரோட்டைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மாடிக் கட்டடத்தின் பதினான்காம் தளத்தில் இருந்தோம். பிள்ளைகள் இரண்டும் அங்கேயே வளர்ந்து, படித்து, கலியாணம் கட்டி, ஒன்று கல்கரிக்கும் மற்றது ஒட்டாவாவுக்கும் போய்விட்டன. எனக்கு நிலத்தோடு ஒட்டிய ஒரு வீடு வேண்டும் என்ற ஆசை. ஊர் ஞாபகம், மண் வாசனை என்று யாராவது கண்ணைத் துடைத்தால் எனக்குக் கோபம் வரும். நான் கேட்டதெல்லாம் லிஃப்ட் இல்லாத ஒரு வாழ்க்கை. எங்கள் கட்டடத்து லிஃப்ட் இரண்டில் ஒன்று எப்போதும் பழுது. மற்றது எப்போது பழுதாகலாம் என்று யோசித்துக்கொண்டு நிற்கும். அரிசி மூட்டையோடு பதினான்கு மாடி ஏறியவளுக்குத்தான் அந்த ஆசை விளங்கும்.

டொரொன்டோவில் வீட்டு விலை கேட்டால் தலை சுற்றும். என் கணவர் லொறி ஓட்டியவர். அவரோடு வேலை செய்த ஒருவர், வடக்கே ஒன்றேகால் மணி நேர ஓட்டத்தில் ஒரு மொபைல் ஹோம் பார்க் இருக்கிறது, அதில் ஒரு வீடு விலைக்கு நிற்கிறது என்றார். போய்ப் பார்த்தோம். இரண்டு படுக்கையறை, பெரிய யன்னல்கள், பின்பக்கம் டெக் என்று சொல்லும் மரத்தளம், அதற்கப்பால் புல். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கி நின்றேன்.

"சரி, இனி இவளை இஞ்சையிருந்து கிளப்பேலாது," என்றார் கணவர்.

உண்மைதான். சேமிப்பு முழுவதையும் போட்டு அந்த வீட்டை வாங்கினோம்.

அதன் பிறகுதான் காப்புறுதி என்ற பூதம் புறப்பட்டது. வீட்டுக்குக் காப்புறுதி இல்லாவிட்டால் பார்க்கில் இருக்க விடமாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது. காருக்கு எடுப்பதுபோல ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். முதலில் கேட்ட கொம்பனி மொபைல் ஹோம் என்றதும் மன்னிப்புக் கேட்டது. இரண்டாவது, வீட்டின் வயதைக் கேட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டது. மூன்றாவதில் மன்னிப்பும் கிடைக்கவில்லை. கடைசியில், கென்னடி ரோட்டில் ஒரு கொத்துரொட்டிக் கடைக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருந்த புரோக்கர் பிள்ளையிடம் போனோம். இங்கேயே பிறந்த பிள்ளை. தமிழை ஆங்கிலத்தில் தோய்த்துத் தோய்த்துப் பேசும். ஆனால் கெட்டிக்காரி.

"அன்ரி, இது நோர்மல் வீடு மாதிரி இல்லை, ஓகே?" என்று தொடங்கினாள். "லான்ட் உங்கடை இல்லை. அது பார்க்குக்காரற்றை. நீங்கள் அதுக்கு மாதாமாதம் வாடகை கட்டுறீங்கள். ஸோ நாங்கள் இன்ஷூர் பண்ணுறது வீட்டை, டெக்கை, பின்னாலை நிக்கிற ஷெட்டை, உள்ளுக்கை இருக்கிற சாமான்களை. ஆராவது உங்கடை படியிலை சறுக்கி விழுந்து கேஸ் போட்டாலும் இதுக்குள்ளை வரும்."

பிறகு கேள்வி மேல் கேள்வி. அலுமாரித் தகட்டில் உள்ள இலக்கம் என்ன? விறகு அடுப்பு இருக்கிறதா? காற்றுக்கு அசையாதபடி வீட்டைக் கம்பியால் நிலத்தோடு இழுத்துக் கட்டியிருக்கிறதா? ஸ்கேர்ட்டிங் போட்டிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு என் கணவர் என்னைப் பார்த்தார். வீட்டின் அடிப்பக்கம் வெளியே தெரியாமல் சுற்றிவர அடிக்கும் தகடுதான் அது. இல்லாவிட்டால் குளிர் உள்ளே புகுந்து தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும் என்று அந்தப் பிள்ளை படம் கீறிக் காட்டினாள்.

"ஓ, வீட்டின்ரை பாவாடை," என்றார் கணவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.

இழப்பீட்டில் இரண்டு வகை உண்டாம். பதினைந்து வருடப் பழைய சோபா எரிந்துபோனால், ஒரு வகையில் அந்தப் பழைய சோபாவின் இன்றைய பெறுமதியைத்தான் தருவார்கள். மற்ற வகையில் புதிது வாங்கும் விலையைத் தருவார்கள். பழைய மொபைல் ஹோம் என்பதால் எங்களுக்கு முதல் வகைதான் கிடைக்கும் என்றாள். இப்போது என்னை விற்றாலும் அந்த முதல் வகைக் கணக்குத்தான் வரும் என்று நான் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"லாஸ்ட் கொஸ்ரின், அன்ரி. எப்ப மூவ் பண்ணுறீங்கள்?"

"கீ கையிலை கிடைச்ச உடனை, பிள்ளை," என்றேன். அவள் அதைத் தட்டச்சுச் செய்தாள். நானும் பொய் சொல்லவில்லை. அப்போது நான் பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்கவில்லை.

சாவி ஜூலை முதல் கிழமையில் கிடைத்தது. புது வீடு புகும் குடிபூரலுக்கு நாள் கேட்டுக் கோயில் ஐயருக்கு அழைப்பு எடுத்தேன்.

"ஆனி குடிபூர ஆகாது," என்றார் ஐயர். "ஆடியைக் கேக்கவே வேண்டாம். ஆவணியிலை நல்ல நாள் ஒண்டு இருக்கு." அவர் சொன்ன நாள் ஓகஸ்ட் கடைசியில் வந்தது.

நான் பெரிய பக்தை இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதே வேலைத் தலத்தில் பல தடவை மறந்துபோகும். ஆனால் பால் காய்ச்சாமல், அதுவும் ஆடியில், புது வீட்டில் குடியிருப்பதென்றால் எனக்குக் கால் எழும்பாது. அம்மா சொன்னாள், ஆச்சி சொன்னாள் என்று கதை அளக்க மாட்டேன். எழும்பாது, அவ்வளவுதான்.

"ஆடி வந்தது கனடாவுக்குத் தெரியுமோ?" என்று கணவர் கிண்டலடித்தார்.

"கனடாவுக்குத் தெரியாட்டில் என்ன, எனக்குத் தெரியுமே," என்றேன்.

ஒரேயொரு சாமான் மட்டும் முன்கூட்டியே வாங்கி இறக்கினேன். அது அடுப்பு. வாங்கிய வீட்டில் பழைய அடுப்பு ஒன்று இருந்ததுதான். ஆனால் எங்கள் முதல் பால் யாரோ ஒருவர் முட்டை பொரித்த அடுப்பில் பொங்குவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கண்ணாடி மேல்தளம் போட்ட புது அடுப்பு. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்ரிக் தாளைக்கூட உரிக்காமல் வைத்தேன். அதன் பெருமையை அன்று பின்னேரமே மாடியில் எதிர் வீட்டுக்கும் போய்ச் சொன்னேன். புது வீடு பூட்டிக் கிடக்க, பழையபடி பதினான்காம் தளத்தில் இருந்துகொண்டு அழைப்பிதழ் அடித்தேன்.

ஜூலை நடுப்பகுதியில் அந்த அழைப்பிதழோடும் ஒரு பெட்டி லட்டோடும் புரோக்கர் பிள்ளையிடம் போனேன். அவளுக்குச் சந்தோஷம். லட்டைக் கடித்துக்கொண்டே திகதியை வாசித்தாள். கடித்த லட்டு அப்படியே நின்றது.

"அன்ரி, வெயிட். இது ஓகஸ்ட் எண்ட். அப்ப இப்ப அந்த வீட்டிலை ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. வடிவாய்ப் பூட்டிக் கிடக்கு."

அவள் லட்டைக் கடதாசியில் வைத்தாள். பொலிசியை எடுத்து, எழுத்துப் பொடியாக இருந்த ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். கட்டில், உடுப்பு எல்லாவற்றையும் வைத்துவிட்டு விடுமுறைக்குப் போனவர்களின் வீடு ஒரு வகை. யாரும் குடியிருக்காத வீடு இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகையில் ஒரு வீடு தொடர்ந்து முப்பது நாள் கிடந்தால் காப்புறுதி செல்லாது.

"நெருப்புப் பிடிச்சாலும் ஸீரோ, அன்ரி. பைப் உடைஞ்சாலும் ஸீரோ. இப்பவே ரெண்டு கிழமை போச்சு."

"அவையளிட்டை ஒரு அனுமதி வாங்கேலாதோ?"

"சில கொம்பனி குடுக்கும். இவை பழைய மொபைல் ஹோமுக்குக் குடுக்கமாட்டினம். இவை கான்சல் பண்ணினால் வேறை ஒருத்தரும் எடுக்கமாட்டினம். இன்ஷூரன்ஸ் இல்லாட்டில் பார்க்கிலை இருக்க விடமாட்டினம். பிளீஸ் அன்ரி, இண்டைக்கே போய்ப் படுங்கோ."

"பால் காய்ச்சாமலோ?"

"அப்ப இண்டைக்கே பாலைக் காய்ச்சுங்கோ!"

"ஆனியிலையோ? அதோடை நாளையிண்டைக்கு ஆடி பிறக்குது, பிள்ளை."

அவள் இரண்டு கையாலும் தலையைப் பிடித்தாள். பாவம், அவளுக்கு இன்ஷூரன்ஸ் படிப்பித்தவர்கள் ஆனி ஆடி படிப்பிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரோடு ஒரு மூச்சுச் சண்டை பிடித்தேன். சேமிப்பெல்லாம் போட்ட வீடு. அதை ஒரு பொடி எழுத்து வசனத்துக்குப் பறிகொடுப்பதா என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது என்பதால்தான் எனக்குக் கோபம் கூடியது. தான் போய்த் தனியே படுக்கிறேன் என்றார். நீங்கள் படுத்தால் அது நான் படுத்த மாதிரித்தான் என்றேன். கதவு திறந்து கிடந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது.

வாசலில் ராத்தா நின்றார். எதிர் வீட்டுக்காரர். மன்னார் முஸ்லிம்கள், நாங்கள் அந்தக் கட்டடத்துக்கு வந்த அதே வருடம் வந்தவர்கள். என்னைவிட ஐந்து வயது மூத்தவர் என்பதால், மூத்த சகோதரியை அவர்கள் அழைக்கும் முறைப்படி நான் அவரை ராத்தா என்பேன். அவருடைய கணவரை அண்ணன் முறையில் நானா என்பேன். என் பிள்ளைகள் பாதி வளர்ந்தது அவர் அவித்துத் தந்த இனிப்பு வட்டிலப்பத்தில். அன்று என் பாத்திரம் ஒன்றைத் திருப்பித் தர வந்தவர் முழுச் சண்டையையும் கேட்டுவிட்டார்.

"ஆடி ஒங்களுக்குத்தானே?" என்றார் ராத்தா. "எங்களுக்கு இல்லையே. நாங்க போய் இரிக்கிறம்."

நானும் கணவரும் ஆளை ஆள் பார்த்தோம். நானா பிளமிங் வேலை செய்கிறவர். கோடையில் அந்தப் பக்கத்துக் கொட்டேஜ்களில் அவருக்கு வேலை நிறைய, தினமும் இங்கிருந்துதான் ஓடிப் போய் வருவார். அவருக்கும் வசதி, உங்களுக்கும் வசதி என்று ராத்தா கணக்கை முடித்தார்.  

புரோக்கர் பிள்ளை கொம்பனியிடம் கேட்டாள். எங்கள் சம்மதத்தோடு, வாடகை இல்லாமல், வீட்டைப் பார்த்துக்கொள்ளத் தங்குகிறவர்கள் என்றால் சரி என்றார்கள். ஆனால் ஒரு பரிசோதகர் வந்து படம் எடுப்பார். ஆட்கள் இருப்பது தெரிய வேண்டும். இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். ஆடி பிறந்த அன்று ராத்தாவும் நானாவும் பாய், தலையணை, சட்டி பானையோடு வாகனத்தில் ஏறினார்கள். சாவியைக் கொடுத்து, "உங்கடை வீடு மாதிரிப் பாவியுங்கோ ராத்தா," என்றேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு புரோக்கர் பிள்ளை கூப்பிட்டாள். குரல் சரியில்லை. அலுவலகத்துக்குப் போனேன். கணினியில் படங்களைக் காட்டினாள். பரிசோதகர் போன நேரம் வீட்டில் ஒருவரும் இல்லை. பார்க் அலுவலகத்தார்தான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அறைகள் இரண்டும் வெறுமை. நிலம் பளபளவென்று இருந்தது. சமையலறையில் புது அடுப்பு, மேலே அதே பிளாஸ்ரிக் தாள், அடுப்பின் கீழிருக்கும் அவணுக்குள் பாவனைக் குறிப்புப் புத்தகம் உறையோடு.

"அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. அங்கை ஆராவது இருக்கினமா? இல்லையெண்டு அவர் ரிப்போர்ட் எழுதியிட்டார். வன் வீக்குக்குள்ளை நாங்கள் புறூவ் பண்ண வேணும்."

என் குணம் எனக்குத் தெரியும். கோபம் முன்னால் ஓடும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். இருப்பதாகச் சொல்லிவிட்டு இவர்கள் எங்கே போனார்கள்? வேலைக்கு வசதியாக வேறு எங்கோ தங்கிவிட்டார்களா? அல்லது மொபைல் ஹோம் பிடிக்காமல், அதை என்னிடம் சொல்லவும் முடியாமல் இருக்கிறார்களா? இருபத்திரண்டு வருடப் பழக்கத்தை அரை மணி நேரத்தில் புளிக்க வைத்தேன். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டோம். 404 நெடுஞ்சாலை முழுக்க மழை. ராத்தாவிடம் கேட்க வேண்டியவற்றை நான் காருக்குள்ளேயே சத்தமாக ஒத்திகை பார்த்தேன்.

"முதல் கேள், பிறகு பேசு," என்றார் கணவர்.

ஆடியில் முன்வாசலால் நுழைய எனக்கு மனம் இல்லை. பாவாடையைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். டெக்கின் மேல் மழை மறைக்க நீலப் படங்கு ஒன்று இழுத்துக் கட்டியிருந்தது. அதன்கீழ் ஒரு சின்னக் காஸ் அடுப்பு. அடுப்பின் முன்னால், ஒரு கையில் சாரலுக்குப் பிடித்த குடையும் மறு கையில் அகப்பையுமாக ராத்தா நின்றார். மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கொடியில் நானா உடுக்கும் சாரம் மழையில் நனைந்து தொங்கியது.

"அல்லாவே! நனையாம மேல வா தங்கச்சி," என்றார்.

நான் ஏறவில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் கலைந்து ஒன்றாகக் கொட்டியது. "உள்ளுக்கை புது அடுப்பு இருக்க, ஏன் ராத்தா மழையுக்கை நிண்டு சமைக்கிறியள்? இஞ்சை ஒருத்தரும் இல்லையெண்டு அந்த இன்ஸ்பெக்டர் எழுதிப்போட்டுப் போட்டான். வீடு போகப்போகுது!"

ராத்தா என்னைப் பார்த்தார். ஏதோ தெரிந்த பாடத்தையே தெரியாது என்று நிற்கும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நீ இன்னும் பால் காச்சல்லையே, புள்ள," என்றார்.

 அடுப்பு வாங்கிய அன்று எதிர் வீட்டில் போய் நான் அளந்த பெருமை அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்த அடுப்பில் முதலில் பொங்குவது என் பாலாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன். நான் சொல்லிவிட்டு மறந்தேன். ராத்தா கேட்டுவிட்டு மறக்கவில்லை. பாயும் தலையணையும் ஒவ்வொரு காலையும் சுருட்டி அலுமாரிக்குள் போய்விடுமாம், புது வீடு புது வீடு மாதிரியே இருக்க வேண்டும் என்று. பரிசோதகர் வந்த நேரம் நானா வேலைக்குப் போக, ராத்தா பஸ் எடுத்துக் கடைக்குப் போயிருக்கிறார். வந்தவர் பின்பக்கத்து டெக்கை எட்டியும் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து நானா வந்தார். என் கணவருக்கும் எனக்கும் ஆளுக்கொரு கிளாஸ் தேநீர் நீட்டினார். பிளேன் ரீ.

"பால் இல்லையோ நானா?" என்று கணவர் தெரியாமல் கேட்டுவிட்டார்.

"பாலா?" என்றார் நானா, நொந்துபோன குரலில். "வீட்டுக்குள்ள பால் பக்கட்டே கொண்டுவர விடுறாவில்ல தம்பி. ஒங்கட பாலுக்கு முந்தி வேற பால் வரப்படாதாம். ஒரு நாளைக்கு அஞ்சு பால் தேத்தண்ணி குடிச்ச மனுசன் நான்!"

நான் மழையில் நின்றபடியே அழுதேன். அழுதுகொண்டே சிரித்தேன். என் சம்பிரதாயத்தை நான் தூரத்தில், பதினான்காம் தளத்தில், சுகமாக இருந்து காத்தேன். என் சம்பிரதாயம் இல்லாத இரண்டு பேர் அதை மழையில் நின்று காத்தார்கள்.

"டெக்கிலையாவது ஏறு," என்றார் கணவர். "பொலிசியிலை டெக்கும் வீடுதான் எண்டு யோசிக்கிறியோ?"

"பொலிசியிலை வீடு, பஞ்சாங்கத்திலை முற்றம்," என்று சொல்லி ஏறி, ராத்தாவைக் கட்டிப் பிடித்தேன். அகப்பையிலிருந்த குழம்பு என் தோளில் சிந்தியது.

சாப்பிடும்போது நானா இன்னொன்று சொன்னார். வந்த மூன்றாம் நாள், வீட்டுக்கு அடியில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டுப் பாவாடைத் தகட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே தவழ்ந்து போயிருக்கிறார். ஒரு குழாய் மூட்டு விட்டிருந்ததாம். இறுக்கிவிட்டாராம். நாங்கள் பூட்டியபடி விட்டிருந்தால் ஆடி முழுவதும் ஒழுகி, தளப்பலகை ஊறி உப்பியிருக்கும். பொடி எழுத்தில் இருந்த அந்த வசனத்தை எழுதியவன் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த நிமிடம் போனது. வீட்டில் ஆள் இருந்தால் சொட்டுச் சத்தம் ஒரு காதில் விழும் என்பதைத்தான் அவன் அத்தனை சுற்றிவளைத்து எழுதியிருக்கிறான்.

இருப்பதை எப்படி நிரூபிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது, அடுத்த வீட்டு வெள்ளைக்காரக் கிழவி குடையோடு வந்தார். கையில் கழுவிய பாத்திரம் ஒன்று. இரண்டு கிழமையாக ராத்தா ஒவ்வொரு பின்னேரமும் அவருக்கு ஒரு பாத்திரம் அனுப்பியிருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் கிழவிக்கு வந்த கோபத்தைப் பார்த்து, எனக்கு ஒரு சொந்தக்காரி கிடைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அங்கேயே இருந்து கடிதம் எழுதினார். ஒன்றரைப் பக்கம். அதில் ஒரு பக்கம் மீன் குழம்பையும் ரொட்டியையும் பற்றியது. அதோடு சுருட்டிய பாய், கொடியில் சாரம், படங்கின்கீழ் சமையல் என்று கணவர் படங்கள் எடுத்தார்.

திங்கட்கிழமை புரோக்கர் பிள்ளை எல்லாவற்றையும் கொம்பனிக்கு அனுப்பினாள். புது வீட்டில் முதல் பால் காய்ச்சும்வரை ஏன் இவர்கள் அடுப்பைத் தொடவில்லை என்று ஆங்கிலத்தில் விளக்கி எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள்.  இரண்டு நாளில் பதில் வந்தது. வீட்டில் ஆட்கள் குடியிருப்பதை ஏற்றுக்கொள்கிறோம், பொலிசி தொடரும் என்று ஒரு வரி. குடிபூரல் நன்றாக நடக்க வாழ்த்துகள் என்று இன்னொரு வரி. கொம்பனிகளுக்கும் இரண்டாவது வரி எழுதத் தெரியும் என்று அன்றுதான் கண்டேன்.

ஆவணி பிறந்தது. நாள் வந்தது. டோர்செட் பார்க் கட்டடத்தில் பாதி அந்த மொபைல் ஹோம் பார்க்குக்கு இடம்பெயர்ந்தது போலக் கார்கள் நின்றன. வீட்டுக்குள் அக்கினி வளர்க்கவே கூடாது என்று புரோக்கர் பிள்ளை நேரில் வந்து காவல் நின்றாள். ஐயர் புல்லில் ஓமம் வளர்த்தார். அப்படியும் சாம்பிராணிப் புகை உள்ளே போய், ஸ்மோக் அலாரம் மந்திரத்தைவிடச் சத்தமாகக் கத்தியது. "வேர்க் பண்ணுது!" என்று கைதட்டியவள் அவள் ஒருத்திதான்.

அடுப்பின் முன்னால் ராத்தாவை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினேன். "பிளாஸ்ரிக்கை நீங்கள் உரியுங்கோ," என்றேன். மாட்டேன் என்றார். என் பிடிவாதம் அவருக்குத் தெரியும், உரித்தார். புதுச் சட்டியில் பாலை வைத்தேன். எல்லோரும் எட்டி எட்டிப் பார்க்க, பால் நுரைத்து எழும்பிப் பொங்கி, பளபளத்த கண்ணாடித் தளத்தில் வழிந்து, சுர்ரென்று கருகிப் பிடித்தது. ஒரே ஆரவாரம்.

"அன்ரி, துடைக்காதீங்கோ!" என்று புரோக்கர் பிள்ளை போனைத் தூக்கினாள். "போட்டோ எடுத்து அந்த இன்ஸ்பெக்டருக்கு அனுப்புறன். இப்ப பாக்கட்டும், ஆக்கள் இருக்கினமோ இல்லையோ எண்டு."

அந்தக் கறை இன்னும் போகவில்லை. நான் உரஞ்சவும் இல்லை.

முதல் பால் பிள்ளையாருக்கு. இது எல்லோருக்கும் தெரிந்த முறை. ஐயர் சாமிப் படத்தின் முன்னால் வெற்றிலையைச் சரிசெய்துகொண்டு பாலுக்குக் கையை நீட்டினார். திரும்பிப் பார்த்தேன். ராத்தா பழக்கதோஷத்தில் டெக் பக்கம் போய், தன் கிளாஸில் பிளேன் ரீ ஊற்றிக்கொண்டிருந்தார். சாமிக்குப் படைத்த பிறகு கொடுத்தால் தன் மார்க்கப்படி அவர் அதைத் தொடமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும்.

ஐயரின் கை நீட்டியபடி நிற்க, பொங்கின பாலில் முதல் கரண்டியை அள்ளிக்கொண்டு டெக்குக்கு நடந்தேன். ராத்தாவின் கிளாஸில் ஊற்றினேன். கறுத்த தேநீர் கலங்கி மண்ணிறமானது. சீனி இரண்டு கரண்டி போட்டு, அவருடைய கையில் வைத்து, "குடியுங்கோ," என்றேன்.

"இஞ்சேர், முதல் பால்! பிள்ளையாருக்கு..." என்று கணவர் பதறிப்போய்ப் பின்னால் வந்தார். ஆடியைக் கிண்டலடித்த அதே மனிதர்.

"பிள்ளையார் பொறுப்பார்," என்றேன். "ஆடி முழுக்கப் பிளேன் ரீ குடிச்சது அவர் இல்லை."